இடது காலுக்கு வேலை இல்லை

வாடகை ஹெல்மெட்டுக்குள் வேறு யாருடைய வியர்வையோ ஏற்கெனவே குடியிருந்தது. மூக்கைச் சுருக்கிக்கொண்டு மாட்டினேன். காலை ஏழு மணிதான். இருங்காட்டுக்கோட்டையில் அதற்குள் தரை சூடேறத் தொடங்கிவிட்டது. பெங்களூரு நெடுஞ்சாலையில் ஸ்ரீபெரும்புதூருக்குச் சற்று முன்னால், கன்டெய்னர் லாரிகளுக்கும் சிப்காட் மதில்களுக்கும் நடுவே ஒரு ரேஸ் டிராக் இருப்பது அந்தச் சாலையில் தினமும் வேலைக்குப் போகிறவர்களிலேயே பலருக்குத் தெரியாது. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் டிராக். ஒரு சுற்று சுமார் 3.7 கிலோமீட்டர். போட்டி இல்லாத சில நாள்களில் காசு கட்டிவிட்டு நம் சொந்தக் காரையே ஓட்டிப் பார்க்கலாம். டிராக் டே என்பார்கள்.

நான் வந்தது ஒரு வீட்டுச் சண்டையைப் பார்க்க.

கோயம்புத்தூர் கணபதிப் பக்கம் பட்டறை வைத்திருக்கும் அப்பா. அதே பட்டறையில் கம்ப்யூட்டர் மெஷின்களைப் பார்த்துக்கொள்ளும் மகன். பம்ப்செட்டுகளுக்கும் விசைத்தறிகளுக்கும் பல்சக்கரம் வெட்டிக் கொடுக்கும் தொழில். இருவரிடமும் ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் இருக்கிறது. பெரியவருடையது 2005-இல் வாங்கிய சிவப்பு: 1.8 லிட்டர் டர்போ, 150 குதிரைத்திறன், ஐந்து கியர் மேனுவல். மகனுடையது 2017-இல் வந்த நீலம்: 2 லிட்டர் டர்போ, 230 குதிரைத்திறன், ஆறு கியர் டிஎஸ்ஜி. அதாவது இரட்டை கிளட்ச். காருக்குள் கிளட்ச் பெடலே கிடையாது. எது ஓட்டுகிற கார், எது உட்கார்ந்து போகிற கார் என்று வீட்டில் ஏழெட்டு வருடமாக வாக்குவாதம். தீர்ப்புச் சொல்ல என்னைக் கூப்பிடவில்லை. "சும்மா சாட்சிக்கு வாங்க தம்பி" என்றுதான் பெரியவர் போனில் சொன்னார்.

உள்ளே நுழைந்ததும் ஸ்க்ரூட்டினி. பிரேக் ஆயில் மட்டம், டயர், பேட்டரி ஆடாமல் இருக்கிறதா, காருக்குள் உருளுகிற சாமான் ஏதாவது உண்டா என்று ஒவ்வொரு வண்டியாகப் பார்த்தார்கள். சிவப்புக் காரின் டேஷ்போர்டில் இருந்த பித்தளைப் பிள்ளையாரை எடுக்கச் சொன்னார் பரிசோதித்த இளைஞர்.

"ஒட்ட வெச்சிருக்குதுங்க."

"ஒட்டினது பிச்சுக்கிட்டா நேரா மூஞ்சிக்குத்தான் சார் வரும்."

பெரியவர் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, பிள்ளையாரைப் பெயர்த்தெடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

முதல் ஓட்டம் அவருடன். டயர் சூடாகும்வரை ஒரு சுற்று மெதுவாகப் போய்விட்டு, இரண்டாவது சுற்றில் மிதித்தார். நான் சாலையைப் பார்க்கவில்லை, அவர் கால்களைப் பார்த்தேன். மெல்லிய அடி கொண்ட பழைய கேன்வாஸ் ஷூ. நேர்சாலையின் முடிவில் ஐந்தாவது கியர். அங்கே வரும் முதல் வளைவை இங்கே எல்லோரும் 'சி-ஒன்' என்கிறார்கள். இடது கால் கிளட்சை மிதித்தது; பிரேக்கை மிதித்த அதே வலது பாதத்தின் வெளி ஓரம் ஆக்ஸிலேட்டரை ஒரு தட்டுத் தட்டியது. எஞ்சின் ஒருமுறை உறுமியது. அந்த உறுமல் அடங்குவதற்குள் இடது கை கியர் ராடை ஐந்திலிருந்து நான்குக்கு இழுத்து, கிளட்சும் விடுபட்டாயிற்று. வண்டி குலுங்கவே இல்லை. மூன்று பெடலுக்கு இரண்டு கால், அதில் ஒரு காலுக்கு இரண்டு வேலை. அவருக்கு வயது அறுபத்திரண்டு.

"சக்கரத்தோட வேகமும் எஞ்சின் வேகமும் ஒண்ணாச் சேரோணும் தம்பி. சேரறதுக்கு முன்னால கிளட்ச விட்டீங்கன்னா அது கட்டாயக் கல்யாணம். டயரு கத்தும், கியர் பாக்ஸ் அழுகும்."

ஹெல்மெட்டுக்குள்ளிருந்து கத்தித்தான் சொன்னார். ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் அந்த உறுமல். கண்ணை மூடிக்கொண்டிருந்தாலும் அடுத்தது பெரிய வளைவா சின்ன வளைவா என்று எண்ணிச் சொல்லிவிடலாம்: ஒரு உறுமல் என்றால் வேகமான வளைவு, இரண்டு என்றால் இறுக்கமானது.

ஆறு சுற்று முடித்து பேடாக் நிழலுக்கு வந்ததும் சட்டையை உதறிக்கொண்டே பழங்கதை தொடங்கினார். பட்டறையில் கைத்தொழில் பழகிய நாள்களில் சோழவரம் ரேஸ் பார்க்க கோவையிலிருந்து லாரியில் தொற்றிக்கொண்டு வருவாராம். இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுதளத்தில் வைக்கோல் கட்டுகளை அடுக்கி வளைவு உண்டாக்கி நடத்திய பந்தயங்கள் அவை. ஊர்க்காரர் கரிவரதன் ஓட்டுவதைத் தூரத்தில் நின்று பார்த்ததுதான் அவருக்குப் பெருமை. மாருதி 800 எஞ்சினை வைத்தே ஃபார்முலா கார் செய்து பையன்களை ரேஸ் பழக வைத்தவர் கரிவரதன்.

"அந்த லாரி டிரைவர்கிட்டத்தான் நான் டபுள் கிளட்ச் கத்துக்கிட்டது. இவன் இப்ப டபுள் கிளட்ச்ங்கறது வேற எதையோ."

சிலேடை தற்செயலானதுதான், ஆனால் சரியான இடத்தில் விழுந்தது. பழைய லாரிகளில் கியரின் பற்கள் தாமாக வேகம் பொருந்திக்கொள்ளாது. டிரைவர் கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு வந்து, கிளட்சை விட்டு, எஞ்சினைக் கொஞ்சம் ரேஸ் செய்து, திரும்ப மிதித்துத்தான் கீழ் கியருக்குப் போக வேண்டும். 1928-இல் காடிலாக் கார்களில் சிங்க்ரோமெஷ் வந்தது. பற்கள் கோப்பதற்கு முன்னால் சிறு கூம்பு ஒன்று உரசி இரண்டு பக்கத்து வேகத்தையும் சமப்படுத்திவிடும். மனிதக் கால் செய்துகொண்டிருந்த வேலையை இயந்திரம் எடுத்துக்கொள்வது அப்போதே தொடங்கிவிட்டது. மேனுவல் என்று நாம் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வதிலும் பாதி, கியர் பாக்ஸ் நமக்காகச் செய்து கொடுத்ததுதான். இதைப் பெரியவரிடம் சொன்னேன். "அதுக்குன்னு மீதியையும் கொடுத்தறதுங்களா?" என்றார்.

இரட்டை கிளட்ச் எப்படி வேலை செய்கிறது என்று மகனிடம் கேட்டேன். அவன் போனைத் திறந்து வரைபடம் தேடுவதற்குள் அப்பா முந்திக்கொண்டார். எதிரி ஆயுதத்தை இத்தனை நன்றாகத் தெரிந்துவைத்திருப்பவரை நான் பார்த்ததில்லை.

"கல்யாணப் பந்தி பார்த்திருக்கீங்கல்ல? என்ற வண்டியில ஒரே கூடம். மொதப் பந்தி எந்திரிக்கோணும், இலை எடுக்கோணும், துடைக்கோணும், அப்புறம்தான் அடுத்த பந்திக்கு இலை. அது வரைக்கும் யாரும் சாப்பிட முடியாது. இவன் வண்டியில ரெண்டு கூடமுங்க. இங்க மொதப் பந்தி சாப்பிட்டுட்டு இருக்கறப்பவே அங்க ரெண்டாம் பந்திக்கு இலை போட்டு, உப்பு வெச்சு, பொரியலும் வெச்சாச்சு. கதவ இங்க சாத்தி அங்க தொறக்கறதுதான் பாக்கி."

இதைவிடத் துல்லியமாக எந்த விளம்பரப் புத்தகமும் சொல்லிவிடாது. அந்த ஆறு கியர் பெட்டிக்குள் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு கிளட்சுகள். வெளிக் கிளட்சுக்கு ஒன்று, மூன்று, ஐந்து, ரிவர்ஸ். உள் கிளட்சுக்கு இரண்டு, நான்கு, ஆறு. மூன்றாவது கியரில் ஓடிக்கொண்டிருக்கும்போதே நான்காவது மறுபக்கத் தண்டில் கோத்துத் தயாராக நிற்கும். ஒரு கிளட்ச் விடும் கணத்திலேயே மற்றது பிடிக்கிறது. சக்கரத்துக்குப் போகும் இழுவை அறுபடுவதில்லை. மேனுவலில் எவ்வளவு கெட்டிக்காரர் மாற்றினாலும் கிளட்சை மிதித்திருக்கும் நேரத்துக்கு வண்டி சும்மா உருளத்தான் செய்கிறது.

"இலை தப்பாப் போட்டுட்டா?" என்றேன்.

பெரியவர் சிரித்தார். "அதக் கேளுங்க அவனை."

மகன் ஒப்புக்கொண்டான். பெட்டிக்குள் இருக்கும் கம்ப்யூட்டர் ஓட்டுகிறவரின் அடுத்த எண்ணத்தை ஊகித்துத்தான் இலை போடுகிறது. வேகம் கூட்டிக்கொண்டே போகும்போது மேல் கியரை எடுத்து வைத்திருக்கும். நாம் திடீரென்று கீழ் கியர் கேட்டால் முதலில் அந்த இலையை எடுக்க வேண்டும். ஒரு கண நேரம் வண்டி தயங்கும். "டிராக்குல அது தெரியாதுண்ணா. ஊருக்குள்ள, சந்து கிடைக்குதுன்னு சட்டுனு மிதிக்கறப்பத்தான் தெரியும்."

ஊருக்குள் இன்னொன்றும் தெரியும். என் நண்பர் ஒருவரிடம், கம்பெனி பெயர் வேண்டாம், உலர் வகை இரட்டை கிளட்ச் கார் ஒன்று இருந்தது. சோழிங்கநல்லூர் சிக்னலில் இருந்து துரைப்பாக்கம்வரை மாலை ஆறரை மணிக்கு ஊர்ந்து போவதுதான் அந்தக் காரின் தினசரி வாழ்க்கை. அடி நகர், நில், அடி நகர், நில். ஒவ்வொரு நகர்விலும் கிளட்ச் பாதி பிடித்தும் பாதி பிடிக்காமலும் உரசிக்கொண்டே இருக்கும். மூன்றாம் வருடக் கோடையில் கருகிய வாடை வந்தது, டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு வந்தது, பிறகு ரெக்கவரி வண்டி வந்தது. மகனுடைய காரில் இருப்பது எண்ணெயில் மூழ்கியே வேலை செய்யும் பல தகட்டுக் கிளட்ச். எண்ணெய் சூட்டை வாங்கிக்கொள்ளும். 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை அந்த எண்ணெயை மாற்றியாக வேண்டும். அந்தச் செலவைப் பற்றி அவன் அப்பாவுக்கு எதிரில் பேச விரும்பவில்லை.

இரட்டை கிளட்ச் என்ற யோசனை கணினிக் காலத்துக்கு மிக முந்தியது. அடோல்ஃப் கெக்ரெஸ் என்ற பிரெஞ்சுக்காரர் 1930-களின் இறுதியில் வரைந்தது. ரஷ்யாவின் ஜார் மன்னருடைய கார் கொட்டகையில் பொறியாளராக இருந்து, பனியில் போவதற்காகக் காரின் பின் சக்கரங்களுக்குப் பதில் பட்டை மாட்டிப் பார்த்தவர். இரட்டை கிளட்சை அவரால் கடைத்தெருவுக்குக் கொண்டுவர முடியவில்லை. போர் வந்தது, 1943-இல் அவரும் போய்விட்டார். எந்த கிளட்சை எந்தக் கணத்தில் எவ்வளவு விடுவது என்று முடிவெடுக்க மூளை ஒன்று தேவைப்பட்டது, அது அன்றைக்கு இல்லை. 1980-களில் போர்ஷே தன் 962 ரேஸ் காரில் அதைப் பொருத்தியது. கனமான பெட்டி. ஆனாலும் 1986-இல் மொன்சாவில் ஹான்ஸ் ஸ்டக்கும் டெரக் பெல்லும் அதை வைத்துக்கொண்டே ஜெயித்தார்கள். 2003-இல் ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் ஆர்32 மூலம் அது கடைக்கு வந்தது. அந்த வம்சத்துப் பெட்டிதான் இந்த நீலக் காரிலும் இருக்கிறது.

ஒன்பதரை மணிக்கு மகனுடன் நீலத்தில் ஏறினேன். முதல் சுற்றிலேயே தெரிந்துவிட்டது: பார்ப்பதற்குக் கால்களில் ஒன்றும் இல்லை. இடது கால் ஓரத்தில் ஊன்றியபடி அசையாமல் கிடந்தது. ஸ்டியரிங்குக்குப் பின்னால் இரண்டு பேடில். வலது விரல் இழுத்தால் மேலே, இடது விரல் இழுத்தால் கீழே. கியர் ஏறும்போது சைலன்ஸரிலிருந்து 'பர்ப்' என்று ஒரு சத்தம், சோடா குடித்தவர் ஏப்பம் விடுகிற மாதிரி. சி-ஒன்னுக்கு முன்னால் பிரேக்கை அழுத்தியபடி இடது விரலை இருமுறை இழுத்தான். அப்பா ஒரு பிறவி முழுக்கப் பழகிய அந்த உறுமலை வண்டி தானாகவே இருமுறை உறுமிக்கொண்டது. அச்சு அசலாக அதே உறுமல். அதில்தான் எனக்குச் சற்று வருத்தம்.

ஆனால் அவன் கண்களைக் கவனித்தேன். அப்பாவுக்கு வளைவுக்குமுன் ஒரு கணம் உள்ளுக்குள் கணக்கு ஓடும், முகத்தில் தெரியும். இவன் பார்வை ஒருமுறைகூட வளைவின் உள்முனையை விட்டு நகரவில்லை. பிரேக் பிடிக்கும் இடம் சுற்றுக்குச் சுற்று தள்ளித் தள்ளிப் போனது. இரண்டு கையும் எப்போதும் ஸ்டியரிங்கில். மிச்சமான கவனத்தை அவன் வீணாக்கவில்லை, பிரேக்கில் போட்டிருந்தான்.

இரண்டு வண்டியின் சுற்று நேரத்தையும் ஒப்பிட்டு எழுதிவிடலாம்தான். அநியாயமாக இருக்கும். நடுவில் 80 குதிரைகளும் பன்னிரண்டு வருடங்களும் நிற்கின்றன. ஒரே காரை இரண்டு விதமாகவும் செய்கிறவர்களின் கணக்கைத்தான் பார்க்க வேண்டும். போர்ஷே 911 ஜிடி3, 2021-இல் வந்த தலைமுறை, 510 குதிரைத்திறன்: நிற்கும் நிலையிலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தை எட்ட இரட்டை கிளட்சுக்கு 3.4 விநாடி, மேனுவலுக்கு 3.9. ஹூண்டாய் ஐ30 என், 280 குதிரைத்திறன்: இரட்டை கிளட்சுக்கு 5.4, மேனுவலுக்கு 5.9. விலை வேறு, எஞ்சின் வேறு, ஒன்றில் எஞ்சின் பின்னால், இன்னொன்றில் முன்னால். வித்தியாசம் மட்டும் இரண்டிலும் அதே அரை விநாடி. இதில் ஒரு வேடிக்கை: ஜிடி3-இல் மேனுவல் 17 கிலோ இலேசு; உச்ச வேகமும் 318-க்கு 320 என்று இரண்டு கிலோமீட்டர் கூடுதல். பெரியவரிடம் அந்தக் கடைசி வரியை மட்டும் சொன்னேன். நாள் முழுக்கச் சந்தோஷமாக இருந்தார்.

அரை விநாடிக்கு மேல் ஏதோ இருப்பதை அந்த ஜெர்மன் கம்பெனி கொஞ்சம் செலவு செய்துதான் கற்றுக்கொண்டது. 2013-இல் ஜிடி3-ஐ இரட்டை கிளட்சில் மட்டும்தான் கொடுப்போம் என்றது. வேகம்தானே கேட்கிறீர்கள், இதோ வேகம் என்று. வாடிக்கையாளர்கள் முணுமுணுத்தார்கள். 2016-இல் 911 ஆர் என்று மேனுவல் மட்டும் கொண்ட காரை 991 எண்ணிக்கையில் செய்தது. வாங்கியவர்கள் சிலர் அதைப் பல மடங்கு விலைக்குக் கைமாற்றினார்கள். 2017-இல் ஜிடி3-க்கு மேனுவல் திரும்பி வந்தது. ஆனால் அதைவிட வேகமான ஜிடி3 ஆர்எஸ்ஸுக்கு மேனுவல் கிடையாது. கடிகாரத்துக்கு ஒரு கார், மனசுக்கு ஒரு கார் என்று கம்பெனியே பாகம் பிரித்துக் கொடுத்துவிட்டது.

இரட்டை கிளட்ச்தான் கடைசி வார்த்தை என்றும் நினைக்க வேண்டாம். பிஎம்டபிள்யூ தன் எம்5-இல் அதைக் கைவிட்டு டார்க் கன்வெர்ட்டர் ஆட்டோமேட்டிக்குக்குப் போய்விட்டது. முன்பு மந்தம் என்று நாம் கேலி செய்த அதே வகைதான், இப்போது கிட்டத்தட்ட அதே வேகத்தில் கியர் மாற்றுகிறது, ஊர்தலில் சூடாவதும் இல்லை. இன்னொரு பக்கம் ஹூண்டாய் ஐயோனிக் 5 என் என்ற மின்சாரக் கார். அதில் கியரே கிடையாது. எட்டு கியர் இரட்டை கிளட்ச் மாறுவது போன்ற குலுக்கலையும் சத்தத்தையும் செயற்கையாக உண்டாக்கிக் காட்டுகிறார்கள். மகன் இதைச் சொன்னதும் பெரியவர் வாயில் இருந்த மோரைத் துப்பிவிட்டுச் சிரித்தார். "இல்லாத பல்லுக்கு வலி வேறயா?"

பத்தரை மணிக்கு என் முறை. மகன் பெரிய மனதோடு நீலத்தின் சாவியைக் கொடுத்தான். பிட்டிலிருந்து கிளம்பும் இடத்தில் மார்ஷல் கை காட்டி நிறுத்தியபோது, இருபத்தைந்து வருடப் பழக்கத்தில் என் இடது கால் தன்னிச்சையாக எழுந்து கிளட்சை மிதித்தது. அங்கே கிளட்ச் இல்லை, அகலமான பிரேக் பெடல் இருந்தது. பெல்ட் நெஞ்சில் அறைந்து நின்றோம். பின்னால் வந்தவர் ஹார்ன் அடித்தார். மார்ஷல் பெண் தலையைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். அதற்குப் பிறகு இடது காலைச் சீட்டுக்கடியில் மடித்து, பெஞ்ச் மேல் ஏற்றப்பட்ட பையனைப் போல அடக்கி வைத்தேன்.

நான் சுமாரான ஓட்டுநர். நீலத்தில் என் சுமார்த்தனம் பாதி மறைந்துவிட்டது. நாலாவது சுற்றில் வளைவின் உள்முனையை நெருங்கித் தொட்டேன். கார் இழுத்துக்கொண்டு வெளியே வந்தது. எனக்கு நானே கைதட்டிக்கொண்டேன். பிறகு பெரியவர் சிவப்பின் சாவியை நீட்டினார், இரண்டு சுற்று மட்டும் என்ற நிபந்தனையோடு. அந்த இரண்டு சுற்றும் அவமானம். மூன்றுக்கு வந்திருக்க வேண்டிய இடத்தில் நான்கில் இருந்தேன்; எஞ்சின் சோர்ந்து முனகியது. உறுமலைச் சரியான நேரத்தில் தட்டியது ஒரே ஒரு வளைவில். ஆனால் இன்று எழுத உட்கார்ந்தால் சிவப்பில் எந்த வளைவில் எந்த கியரில் இருந்தேன் என்று வரிசையாகச் சொல்ல முடிகிறது. அந்த ஒரே ஒரு சரியான தட்டல் உட்பட. நீலத்தில் ஓட்டிய சுற்றுகளில் நன்றாக ஓட்டினேன் என்பது தவிர வேறொன்றும் கையில் ஒட்டவில்லை.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் டிராக் மூடியிருந்தது. நிழல் தேடி வந்த கல்லூரிப் பையன்கள் சிலர், ஒருவன் டீ ஷர்ட்டில் நடிகர் அஜித். 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அவருடைய அணி போர்ஷே 992 பிரிவில் மூன்றாவதாக வந்ததிலிருந்து இங்கே கூட்டம் கொஞ்சம் மாறியிருக்கிறது. "அந்த போர்ஷே டூயல் கிளட்ச்தானே சார்?" என்றான் ஒருவன். இல்லை. ஜிடி3 கப் ரேஸ் காரில் இருப்பது ஆறு கியர் சீக்வென்ஷியல். பேடிலால்தான் மாற்றுவார்கள், ஆனால் சிங்க்ரோ கூம்பும் இல்லை, இரட்டைக் கூடமும் இல்லை. முரட்டுப் பற்கள் ஒன்றையொன்று அறைந்து கவ்விக்கொள்ளும். இலேசு, உறுதி, நாலு நாள் ஓட்டினால் பிரித்துப் பார்க்க வேண்டும். வீட்டுக்கு எடுத்துப் போக முடியாத சாதனம். அந்த நிஜமான பந்தயக் காரில் நம் வீட்டுச் சண்டையின் இரு கட்சியுமே இல்லை என்பது அவனுக்கு ஏமாற்றமாக இருந்தது.

இரண்டு மணிக்கு வண்டி மாற்றிக்கொண்டார்கள். யாருடைய யோசனை என்று தெரியவில்லை. எனக்கென்னவோ காலையிலிருந்தே இருவரும் இதற்காகத்தான் காத்திருந்த மாதிரி இருந்தது.

நீலத்தில் பெரியவரின் பக்கத்தில் உட்கார்ந்தேன். முதல் சுற்றில் அவர் இடது கை மூன்று முறை ராடைத் தேடிப் போய்த் திரும்பியது. இரண்டாவது சுற்றில் சிரித்தார். மூன்றாவதில் சி-ஒன்னுக்கு முன்னால், வேகம் இறங்குவதற்குள் அவசரப்பட்டு இடது பேடிலை இழுத்தார். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி இழுத்தார். இப்போதும் இல்லை. வேகம் சற்று இறங்கிய பின் இழுத்தபோதுதான் கியர் இறங்கியது.

"கேக்க மாட்டேங்குது பாருங்க!"

"அந்த வேகத்துல போட்டா எஞ்சின் தாங்காதுன்னு அதுக்குத் தெரியுதுங்க ஐயா."

"எனக்குத் தெரியாதுங்களா?"

வளைவை விட்டு வெளியே வரும்போது முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. அவர் விரல் அசையும் முன்பே வண்டி தானாக மேல் கியருக்குப் போய்விட்டது. அதற்கப்புறம் ஐந்து சுற்றும் அவர் பேசவில்லை. நன்றாக ஓட்டினார், அவர் ஒப்புக்கொள்ள விரும்பியதைவிட வேகமாகவே ஓட்டினார். இறங்கி ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுத்தான் வாய் திறந்தார்.

"நல்ல வேலைக்காரன். குறை சொல்ல முடியாது. ஆனா மொதலாளி யாருன்னு அதுக்கு ஒரு சந்தேகம் இருந்துட்டே இருக்குது."

அடுத்து மகன் சிவப்பில் தனியாகப் போனான். நானும் பெரியவரும் பிட் சுவரில் சாய்ந்து நின்றோம். அவர் வண்டியைப் பார்க்கவில்லை. தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். "இப்ப மூணு... இப்ப நாலு... அட, சீக்கிரம் போட்டுட்டான்." கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் வண்டி இருக்கும்போதும் கியரின் எண் அவர் வாயில் வந்துகொண்டிருந்தது.

நான்காவது சுற்று. நேர்சாலையில் எங்களைக் கடந்து போனான். ஐந்தாவது கியர். பிரேக் விளக்கு எரிந்தது. அடுத்து கேட்ட சத்தம் நான் அதுவரை எந்தக் காரிலிருந்தும் கேட்டிராதது. எஞ்சின் வீறிட்டது, முன் டயர்கள் கிறீச்சிட்டன, வண்டியின் மூக்கு ஒரு கணம் தரையைக் குத்திப் பார்த்து நிமிர்ந்தது. பிறகு ஒன்றுமில்லை.

"ரெண்டாவது போட்டுட்டான்" என்றார் பெரியவர், மெதுவாக. அவர் கை சட்டைப் பைக்குப் போனது.

ஐந்திலிருந்து நான்குக்கு வரும்போது ராடைக் கீழே இழுத்து நடுவில் விட வேண்டும். பதற்றத்தில் கை கூடுதலாக இடது பக்கம் தள்ளிவிட்டால் நான்கைத் தாண்டி இரண்டில் போய் விழும். நான்காவதுக்குரிய வேகத்தில் இரண்டாவது. சக்கரங்கள் எஞ்சினைப் பிடித்துச் சுழற்றும். முள் சிவப்புக் கோட்டைக் கடந்து எங்கோ போய் நிற்கும். வால்வுகள் பிஸ்டனில் இடித்தால் அதோடு முடிந்தது. ரேஸ்காரர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் மணி ஷிப்ட். பர்ஸைத் திறக்க வைக்கும் கியர் மாற்றம்.

மெதுவாக ஒரு முழுச் சுற்று உருண்டு பிட்டுக்கு வந்தான். ஹெல்மெட்டைக் கழற்றியபோது முகத்தில் ரத்தமே இல்லை.

"பாதி விட்டதும் தெரிஞ்சுதுப்பா. உடனே திரும்ப மிதிச்சுட்டேன்."

பெரியவர் பதில் சொல்லவில்லை. எஞ்சினை ஆஃப் பண்ண வேண்டாம் என்று சைகை காட்டிவிட்டு பானெட்டைத் திறந்தார். டூல் பையிலிருந்து நீளமான ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, நுனியை எஞ்சின் மேல் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கேட்டார். இடம் மாற்றிக் கேட்டார். மறுபடியும் மாற்றினார். நான்கு சிலிண்டருக்கும் சேர்த்து மூன்று நிமிடம் ஆகியிருக்கும். மகன் அருகில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். முப்பது வயது ஆள், பரீட்சைப் பேப்பர் வாங்க நிற்கிறவனைப் போல.

"ஒண்ணுமில்ல" என்றார் கடைசியில். "நேரத்துக்கு மிதிச்சிருக்கற."

"என்ற வண்டின்னா நான் இழுத்தாலும் போட்டிருக்காதுப்பா."

"ஆமாங் கண்ணு. போட்டிருக்காது." ஸ்க்ரூ டிரைவரைத் துணியில் துடைத்தார். "அதனாலதான் இத்தனை வருசமா உன்ற கை எங்க தப்பாப் போகுதுன்னு உனக்கே தெரியல."

மகன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். சொல்லவில்லை. எனக்கும் அந்த இடத்தில் இரண்டு பேர் பக்கமும் நியாயம் தெரிந்தது. அவன் வண்டியாக இருந்திருந்தால் எஞ்சினுக்கு ஆபத்தே வந்திருக்காது, அது உண்மை. அதே சமயம் தவறைத் தடுக்கிற வண்டி, தவறு நடந்த செய்தியையும் சேர்த்தே மறைத்துவிடுகிறது. நான் அன்றைக்கு நீலத்தில் எனக்கு நானே கைதட்டிக்கொண்ட அந்த நாலாவது சுற்றில் எத்தனை முறை தப்பாகக் கேட்டு, வண்டி எத்தனை முறை காதில் வாங்காமல் விட்டதோ.

நாலரை மணிக்குக் கிளம்பினார்கள். இரவுக்குள் கோவை போய்ச் சேர வேண்டும். பிள்ளையார் மறுபடி சிவப்பின் டேஷ்போர்டில் ஏறினார், இம்முறை ரப்பர் பேண்டு போட்டு. பெரியவர் நீலத்தின் சாவிக்காகக் கையை நீட்டினார்.

"ஐந்நூறு கிலோமீட்டருங்க தம்பி. இடது முட்டி ஒத்துழைக்காது. அவன் அதை எடுத்துட்டு வரட்டும். கை பழகும்."

நெடுஞ்சாலைவரை அவருடன் வந்தேன். வெளி கேட்டை ஒட்டிக் கன்டெய்னர் லாரி ஒன்று ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தது. வண்டிகள் வரிசையாக நின்றன. எங்களுக்கு முன்னால் சிவப்பு. வரிசை நகர்ந்தது, சிவப்பு ஒரு குதி குதித்து ஆஃப் ஆகிவிட்டது. பின்னாலிருந்து ஹார்ன்கள். மகனின் கை ஜன்னலுக்கு வெளியே வந்து மன்னிப்புக் கேட்டது. மறுபடி ஸ்டார்ட், மறுபடி குதி.

"கிளட்ச மெதுவா விடோணும்" என்றார் பெரியவர், அவனுக்குக் கேட்காது என்று தெரிந்தும். பிறகு ஷூவைக் கழற்றிவிட்டு, வேலையில்லாத அந்த இடது காலைத் தூக்கி, திண்ணையில் உட்காருகிறவரைப் போலச் சீட்டின் மேல் மடித்து வைத்துக்கொண்டார்.